சுற்றி வந்த சான்று

மூன்று நாட்களாகச் சின்னவள் தன் கணினியைத் திறக்கவில்லை. மேஜையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், அடியில் பாம்பு கிடப்பது தெரிந்தவள் மாதிரி, காலை எட்டி வைத்தாள்.

காரணம், போன வாரம் அவள் படித்த நான்கு வரி. முதலிலிருந்தே சொல்லிவிடலாம். அவள் அப்பா நடத்திய மொழிப் பள்ளியைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை உண்டு. கட்டுரையில் எது நிற்கலாம், எது கூடாது என்று எழுதுகிறவர்கள் வாதாடிக்கொள்ள அதற்கொரு பேச்சுப் பக்கமும் உண்டு. அந்தப் பக்கத்தில் 'டேப் டீச்சர் மகள்' என்ற பெயரில் யாரோ இப்படி எழுதியிருந்தார்கள்:

"அந்தப் பள்ளியைத் தொடங்கிய இருவரில் ஒருவர் என் அம்மா. பதினோரு வருடம் அங்கே பாடம் சொன்னார். கட்டுரையில் 'தன்னந்தனியாக' என்று இருக்கிறது. அந்தப் பதினோரு வருடமும் என் அம்மா எங்கே இருந்தார் என்று நினைக்கிறீர்கள்?"

கீழே தராசு பதில் எழுதியிருந்தார். தராசு என்பது அந்தக் கலைக்களஞ்சியத்தின் நிர்வாகி ஒருவர் வைத்துக்கொண்ட பெயர். நிஜப் பெயரோ ஊரோ யாருக்கும் தெரியாது. "உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் வீட்டில் தெரிந்ததை வைத்து இங்கே எழுத முடியாது. அச்சில் வெளியான சான்று வேண்டும். தற்போதைய வரிக்கு நாளிதழ்ச் சான்று (எண் 3) இருக்கிறது. நூலகத்தில் பழைய இதழ்களைத் தேடிப் பாருங்கள். வெள்ளி மாலை ஐந்து மணிவரை காத்திருப்போம்."

இன்று வெள்ளி.

அந்தக் கலைக்களஞ்சியத்தில் சின்னவளுக்கும் ஒரு பெயர் இருந்தது: அடிக்குறிப்பு. ஒன்பது வருடமாக அந்தப் பெயரில் ஊரார் கட்டுரைகளிலெல்லாம் புகழ்ச்சியை வெட்டி, சான்று கேட்டு, பிழை திருத்தி வந்தாள். அடிக்குறிப்பு அந்தப் பள்ளிக்காரரின் மகள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. வீட்டிலும் தெரியாதுதான், போன வாரம் அண்ணன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்க்கும்வரை.

"அஞ்சு மணிக்கு அந்த ஆளு முடிவு சொல்லிடுவானாமே?" என்றான் அண்ணன், காலை டீயை உறிஞ்சிக்கொண்டே. பள்ளியை இப்போது நடத்துவது அவன்தான்.

"எந்த ஆளு?"

"தராசு. பேரப் பாரு, பலசரக்குக் கடை மாதிரி."

"கடையில எடைக்கல்லுல கை வைப்பாங்க. அவர் வைக்க மாட்டார்."

"அதான் பயமே." அண்ணன் கோப்பையை வைத்தான். "இங்க பாரு. திங்கக்கிழமை தேர்வுக் குழு வருது. நம்ம பள்ளிக்கூடத்தத் தேர்வு மையமா ஆக்கலாமான்னு பார்க்க. வர்றதுக்கு முன்னாடி அவங்க முதல்ல திறக்குறது அந்தப் பக்கத்தத்தான். திறந்தா மேல மஞ்சப் பட்டை. 'இக்கட்டுரையின் நடுநிலை கேள்விக்குரியது.' எப்படி இருக்கும்? கல்யாண வீட்டு வாசல்ல 'நாய் ஜாக்கிரதை' பலகை மாட்டின மாதிரி."

அண்ணி சிரித்துவிட்டாள். அவளும் அதே பள்ளியில்தான் பாடம் எடுக்கிறாள்.

"நீ சிரி. மையம் கிடைக்கலன்னா அடுத்த வருஷம் பள்ளிக்கூடமே இல்ல. பதினாறு டீச்சர் நடுத்தெருவுல நிப்பாங்க. உன்னையும் சேர்த்து."

"என்னைக் கணக்குல சேர்க்காதீங்க. நான் வேற இடம் பார்த்துக்குவேன். மத்த பதினஞ்சு பேருக்காக அழுங்க."

அப்பா ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருந்தார். ஒரு காது முழுக்கப் போய்விட்டது. இன்னொன்றில் கருவி. மடியில் அந்தக் கட்டுரையின் அச்சுப்படி, கசங்காமல் இருக்க பிளாஸ்டிக் உறை போட்டது. பள்ளி வரவேற்பறைச் சுவரில் ஒன்று, அப்பாவிடம் ஒன்று. மாதாமாதம் அண்ணன் புதிதாக அச்செடுத்துத் தருவான். தினமும் காலையில் விரலை வைத்து ஒரு முறை வாசித்துவிடுவார்.

"இதுல 'தலைசிறந்த'ன்னு ஒரு வார்த்தை இருந்துச்சே?" என்றார்.

"நான்தான் எடுத்தேன்ப்பா."

"ஏன், அப்படி இல்லையா?"

"இருக்கலாம்ப்பா. நாமளே சொல்லிக்கக் கூடாது."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். அடுத்த வரி எது என்று அவளுக்குத் தெரியும். சுவரைப் பார்த்தாள்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "உன்னை எதையும் எழுதச் சொல்லல. எதையும் மாத்தச் சொல்லல. சும்மா இரு, போதும். அந்தப் பொண்ணுகிட்ட சான்று கிடையாது. நம்மகிட்ட பத்திரிகை இருக்கு, மூணாம் நம்பர். அவனே அஞ்சு மணிக்குப் பட்டையை எடுத்துடுவான்."

அவள் தன் கோப்பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"சும்மா இருக்குறது இந்த வீட்டுல என்ன புதுசா? எல்லாருக்கும் கைவந்த கலைதானே."

அவன் கேலியாகத்தான் சொன்னான். ஆனால் சொன்ன பிறகு நான்கு பேரும் டீயைப் பார்த்தார்கள். டேப் டீச்சரைப் பற்றி இந்த வீட்டில் இருபத்தேழு வருடமாக யாரும் பேசியதில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை.

"எந்தப் பொண்ணு?" என்றார் அப்பா. கருவியில் எப்போது கேட்கும், எப்போது கேட்காது என்று சொல்லவே முடியாது.

"ஒண்ணுமில்லப்பா. ஆபீஸ் விஷயம்" என்றான் அண்ணன்.

நகராட்சி நூலகத்தில் பழைய நாளிதழ்ப் பிரிவு நிலத்தடியில் இருந்தது. பதினாறு படி இறங்க வேண்டும். அங்கே சின்னவள்தான் பொறுப்பாளர். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று மூலையில் முனகிக்கொண்டே இருக்கும். வருடவாரியாகத் தைத்த தொகுதிகள், கைக்குழந்தை கனத்தில், இரும்பு அடுக்குகளில் படுத்திருக்கும். நாள் முழுக்க நான்கு பேர் வந்தால் திருவிழா.

அவள் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மூன்று நாளாகத் தள்ளிவைத்ததை மனம் எடுத்து முன்னால் வைத்தது.

மூன்றாம் எண் சான்று எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஒன்பது வருடம் முன்பு, அந்தக் கலைக்களஞ்சியத்தில் சேர்ந்த முதல் வாரம். விதிமுறை எதையும் படிக்காத உற்சாகம். பழைய மாணவர் ஒருவர் தொடங்கி வைத்திருந்த அரைகுறைக் கட்டுரையில் அப்பாவின் பெயரைக் கண்டதும் நெஞ்சு விம்மியது. ஒரு வரி சேர்த்தாள்: "சைக்கிள் கடை மாடியில், பன்னிரண்டு மாணவர்களுடன், தன்னந்தனியாக இப்பள்ளியைத் தொடங்கினார்." சான்று கொடுக்கவில்லை. சொந்த அப்பாவுக்குச் சான்றா?

பன்னிரண்டு என்பது வீட்டிலிருந்த ஒரு பழைய படத்தில் அவள் எண்ணியது. கரும்பலகை முன்னால் அப்பா இளமையாக, சிரித்தபடி நிற்பார். எதிரே நாற்காலிகள், எல்லாம் காலி. வகுப்பு முடிந்து எடுத்த படமாக இருக்கும் என்று நினைத்து நாற்காலிகளை எண்ணினாள். பன்னிரண்டு. அதையே மாணவர் தொகை ஆக்கிவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாளிதழ் 'நம்ம ஊர்ப் பள்ளிகள்' என்று ஒரு பக்கம் போட்டது. அதில் இந்தப் பள்ளிக்கு ஒரு பத்தி. சைக்கிள் கடை மாடி, பன்னிரண்டு மாணவர்கள், தன்னந்தனி. நிருபர் பள்ளிக்கு வந்ததில்லை. யாரையும் கேட்டதில்லை. கலைக்களஞ்சியத்தைத் திறந்து, படித்து, எழுதியிருக்கிறார். போன வருடம் தராசு அந்த வரிக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று குறி போட்டபோது, அண்ணன் ஓடிப்போய் அந்த நாளிதழைக் கொண்டுவந்து சான்றாகச் சேர்த்தான். மூன்றாம் எண்.

அவள் எழுதியதற்கு அவள் எழுதியதே சான்று. நடுவில் ஒரு பத்திரிகை மட்டும் வந்துபோயிருந்தது.

ஊரார் கட்டுரைகளில் இப்படிப்பட்ட சுற்றுச் சான்றுகளை எத்தனை பிடித்திருக்கிறாள்! பிடித்ததும் ஒரு சின்னச் சந்தோஷம் வரும், பேன் நசுக்குவது போல.

அப்பா பொய் சொன்னவர் இல்லை. 'தனியாகத் தொடங்கினேன்' என்று அவர் வாயிலிருந்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பள்ளியைப் பதிவு செய்தபோது தாளில் ஒரு பெயரை மட்டும் எழுதினார். பிறகு வாயை மூடிக்கொண்டார். மூடிய வாய்க்குச் சொல் போட்டுக் கொடுத்தவள் மகள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

நாற்பதை ஒட்டிய பெண். கழுத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையின் அடையாள அட்டை. அரை நாள் விடுப்பில் வந்தவளின் அவசரம். கேட்புச் சீட்டை எழுதி நீட்டினாள். 'தேடும் பொருள்' என்ற கட்டத்தில், "என் அம்மா பெயர்" என்று எழுதியிருந்தாள்.

சின்னவள் சீட்டைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"என்னங்க, தப்பா எழுதிட்டேனா?"

"இல்ல. எந்த வருஷம் வேணும்?"

"முப்பத்தெட்டு வருஷம் முன்னாடி. அப்ப இருந்து பதினோரு வருஷம். அத்தனையும் இன்னைக்கே பார்க்க முடியாது, தெரியும். முதல் வருஷம் மட்டும் போதும். அஞ்சு மணிக்குள்ள."

தொகுதியைத் தூக்கி வந்த சின்னவள் மேஜையருகே அப்படியே நின்றுவிட்டாள். கனம்தான் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டு மறுமுனையைப் பிடித்தாள்.

"ஒரு பள்ளிக்கூடம் மேடம். மொழி சொல்லித்தர்றது. எங்கம்மாவும் இன்னொருத்தரும் சேர்ந்து ஆரம்பிச்சாங்க. அம்மா டேப்புல பாடத்தப் பேசி வச்சு, ஓட விட்டுச் சொல்லிக்குடுப்பாங்க. அதான் டேப் டீச்சர். ஊருல பாதிப் பேருக்கு அம்மா நிஜப் பேரே தெரியாது."

சின்னவளுக்கு அந்தக் குரல் தெரியும். வகுப்பு நடக்கும்போது மேஜைக்கடியில் படுத்திருப்பாள். மேலே டேப் சுற்றும். 'கேளுங்கள். திரும்பச் சொல்லுங்கள்.' அந்தக் குரலிலேயே தூங்கிப்போவாள். ஒன்பது வயதில் ஒருநாள் மேஜை மேலே டேப்பைக் காணோம். ஏன் என்று கேட்டதற்கு அம்மா, இப்போது இல்லாத அம்மா, 'சாப்பிடு' என்றாள்.

"அவங்க இப்ப...?"

"இருக்காங்க. மூச்சுதான் வாங்குது. ஆக்சிஜன் வச்சிருக்கு. பேசினா இருமல் வந்துடும்."

"அவங்கதான் தேடச் சொன்னாங்களா?"

"அவங்களா!" அந்தப் பெண் வறண்டு சிரித்தாள். "அவங்க எதையும் கேட்டதில்ல. பேர் வேணாம், ஒண்ணும் வேணாம். அதுதான் எனக்கு ஆத்திரம். சாது மிரண்டா காடு கொள்ளாதுன்னு சொல்லுவாங்க. எங்கம்மா மிரளவே மாட்டேங்குறாங்க. அதனால நான் மிரண்டுட்டேன்."

இருவரும் பக்கம் புரட்டினார்கள். பொறுப்பாளர் கூட உட்கார்ந்து தேட வேண்டும் என்று சட்டமில்லை. சின்னவள் உட்கார்ந்தாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டரை மணிவாக்கில் அந்தப் பெண் 'ஐயோ' என்றாள்.

விரல் கனத்தில் ஒரு விளம்பரம். "பிறமொழி பேசக் கற்கலாம். மூன்றே மாதம். மாலை வகுப்பு. சைக்கிள் கடை மாடி." கீழே ஐந்து இலக்கத் தொலைபேசி எண்.

"இது எங்க வீட்டு நம்பர்! அந்தத் தெருவுலயே எங்க வீட்டுல மட்டும்தான் போன். ஆள் கூப்பிட்டா நான்தான் எடுப்பேன். 'வகுப்பு ஆறு மணிக்கு'ன்னு சொல்லணும். நாலு வயசு எனக்கு. அம்மா சொல்லிக்குடுத்திருந்தாங்க." கண் கலங்கிவிட்டது. "இது போதும்ல மேடம்? அச்சுல இருக்கே!"

தராசு என்ன சொல்வார் என்று சின்னவளுக்கு எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. அதே பதிலைப் பிறருக்கு அவளே நூறு தடவை எழுதியிருக்கிறாள்.

"போதாதுங்க."

"ஏன்?"

"அது உங்க நம்பர்னு நீங்க சொல்றீங்க. விளம்பரம் சொல்லல. அப்படியே உங்களுதுன்னாலும், போன் வச்சிருந்தவங்கதான் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்கன்னு ஆயிடாது. நாமளா ஒண்ணையும் ஒண்ணையும் சேர்த்து முடிவு கட்டக் கூடாது. சம்பந்தமில்லாத ஒருத்தர், உங்கம்மா பேரச் சொல்லி, எங்கயாவது எழுதியிருக்கணும்."

அந்தப் பெண் அவளைக் கூர்ந்து பார்த்தாள். "இந்த விதியெல்லாம் உங்களுக்கும் தெரியுமா?"

"கொஞ்சம்."

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் முனகியது. அந்தப் பெண் விளம்பரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காற்றில் பறந்துவிடும் என்பது போல.

"சரி. அந்த ஒன்பது... இல்ல, எட்டு வருஷம் முன்னாடி வந்த பேப்பர் இருக்குமா? அந்த ஆளு யாரக் கேட்டு எழுதினான்னு பார்க்கணும். மூணாம் நம்பர் சான்றாம்."

சின்னவள் எழுந்து போய் அந்தத் தொகுதியை எடுத்து வந்தாள். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. அதையும் அந்தப் பெண் கவனித்தாள்.

"'சைக்கிள் கடை மாடியில் பன்னிரண்டு மாணவர்களுடன்...' பன்னிரண்டா! முதல் நாள் வந்தது மூணே பேர். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. பன்னிரண்டு நாற்காலி வாங்கிப் போட்டு, ஒன்பது காலியாம். அடுத்த நாள் அம்மா எல்லாத்தையும் வரிசையா இழுத்துப் போட்டு, அவரை முன்னாடி நிக்க வச்சு, ஒரு படம் எடுத்தாங்க. என்னைக்காவது நிறையும்னு. படம் எடுத்தவங்க படத்துல இருக்க மாட்டாங்கல்ல மேடம்? அதான் எங்கயும் இல்ல அம்மா."

சின்னவளுக்கு அந்தப் படம் கண்ணுக்குள் நின்றது. இத்தனை வருடமும் அப்பாவைத்தான் பார்த்தாள். நாற்காலியை எண்ணினாள். அவர் சிரிப்பது யாரைப் பார்த்து என்று ஒருதடவைகூடத் தோன்றவில்லை.

மணி நான்கு பத்து.

அவள் தன் மேஜைக்குப் போனாள். சும்மா இருந்தால் போதும். ஐம்பது நிமிடம். பட்டை போய்விடும், தேர்வுக் குழு வரும், பதினாறு டீச்சர்கள் அடுத்த வருடமும் சம்பளம் வாங்குவார்கள், அப்பா நாளைக் காலை விரல் வைத்து வாசிப்பார். உண்மையைச் சொன்னாலும் டேப் டீச்சரின் பெயர் உள்ளே வரப்போவதில்லை. அதற்குச் சான்று இல்லை. யாருக்கு லாபம்?

யாருக்கும் இல்லை என்றுதான் கணக்கு வந்தது. எத்தனை முறை போட்டாலும் அதே விடை.

நூலகக் கணினியில் பேச்சுப் பக்கத்தைத் திறந்து தட்டினாள்.

"மூன்றாம் சான்றை நீக்க வேண்டும். அந்த நாளிதழ்ப் பத்தி இக்கட்டுரையிலிருந்தே எடுக்கப்பட்டது. 'பன்னிரண்டு', 'தன்னந்தனியாக' இரண்டும் நாளிதழுக்கு எட்டு மாதம் முன்பு இங்கே சேர்க்கப்பட்டவை. கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தில் தேதி இருக்கிறது. சேர்த்தது நான். அதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. நான் அப்பள்ளியின் நிறுவனரது மகள். இதை முன்பே தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை. - அடிக்குறிப்பு"

பொத்தானை அழுத்தினாள்.

பதினோரு நிமிடத்தில் தராசு வந்தார்.

"தேதிகளைச் சரிபார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. மூன்றாம் சான்றும் அந்த வரியும் நீக்கப்பட்டன. மிஞ்சியிருப்பவை பள்ளியின் சொந்தக் கையேடும் ஒரு முகவரித் தொகுப்பும். தனித்த சான்று எதுவும் இல்லாததால் கட்டுரையையே நீக்கப் பரிந்துரைக்கிறேன். ஏழு நாள் அவகாசம். அடிக்குறிப்பு, உங்கள் ஒன்பது வருட உழைப்பு எனக்குத் தெரியும். உங்கள் மற்ற திருத்தங்களையும் இனி நாங்கள் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். வருந்துகிறேன்."

வருந்துகிறேன் என்று தராசு எழுதி அவள் பார்த்ததே இல்லை.

கைப்பேசி அதிர்ந்தது. அண்ணன்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

அவள் கைப்பேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"சும்மா இருன்னுதானே சொன்னேன்! அந்தப் பொண்ணுக்காவது ஏதாவது கிடைச்சுதா? இல்லல்ல? நம்ம வீட்டையும் கொளுத்தி, பக்கத்து வீட்டுக்கும் வெளிச்சம் இல்லாம... உனக்கு என்னதான் வேணும்?"

"தெரியலண்ணா."

"அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு." வைத்துவிட்டான்.

எதிரே மேஜையிலிருந்து ஒரு சின்ன மணிச்சத்தம். அந்தப் பெண் தன் கைப்பேசியை எடுத்துப் படித்தாள். உதடு அசைந்தது. பாதியில் எழுந்து நின்றுவிட்டாள்.

"மேடம்! இங்க பாருங்க! அந்த வீட்டுப் பொண்ணே ஒத்துக்கிட்டா! எழுதினதே அவதானாம்!" அடுத்த பத்தியைப் படித்ததும் குரல் இறங்கியது. "கட்டுரையையே எடுக்குறாங்களா? அப்ப... அம்மா பேரு?"

"வராது."

"அந்தாளு பேரும் போயிடும். அம்மா பேரும் வராது. அப்ப அந்தப் பள்ளிக்கூடத்த யாருமே ஆரம்பிக்கலன்னு ஆயிடும். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"எவ்வளவு சாதாரணமா சொல்றீங்க!"

"அடிக்குறிப்பு நான்தான்" என்றாள் சின்னவள்.

அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கேட்புச் சீட்டை எடுத்தாள், பொறுப்பாளர் கையெழுத்தைப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தாள். எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"மேஜைக்கடியில தூங்கற குழந்தை" என்றாள். "அம்மா உங்களப் பத்திக் கேப்பாங்க. படிச்சாளா, என்ன பண்றான்னு. எனக்குக் கோவம் வரும்."

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கைப்பேசி மறுபடி அதிர்ந்தது.

திரையில் 'அப்பா'. அவர் யாரையும் அழைப்பதில்லை. கருவியில் சரியாகக் கேட்காது என்பார். எடுத்தாள். அவருக்குக் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டதில், அவர் குரல்தான் அறை முழுக்கக் கேட்டது.

"உங்க அண்ணன் கத்துறான். ஒண்ணும் புரியல. அவ பேரப் போட்டியா?"

'அவ' யார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவளைப் பற்றி அவர் வாய் திறந்தது இருபத்தேழு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"இல்லப்பா. போட முடியாது. சான்று இல்ல."

"என் பேரு?"

"அதுவும் போயிடும்ப்பா. ஏழு நாள்ல."

மறுமுனையில் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. கோபமா, தலையாட்டுகிறாரா என்று தெரியவில்லை. எதிரே டேப் டீச்சரின் மகள் அசையாமல் நின்றிருந்தாள். இயந்திரம் முனகுவதை நிறுத்தி, மறுபடி தொடங்கியது.

"நான் எழுதிக் குடுத்தா செல்லுமா?" என்றார் அப்பா. "இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆரம்பிச்சோம்னு. கையெழுத்துப் போட்டு."

"செல்லாதுப்பா. நீங்க சம்பந்தப்பட்டவர்."

"அப்படியா." மூச்சு வாங்கும் சத்தம். "பதிவு பண்றப்ப அந்தக் கட்டத்துல ரெண்டு பேர் எழுத இடம் இருந்துச்சு. இடம் இருந்துச்சு, சின்னவளே."

பிறகு அவரே கேட்டார்.

"அவ உயிரோட இருக்காளா?"

சின்னவள் நிமிர்ந்து எதிரே பார்த்தாள்.

"இருக்காங்கப்பா."

"எங்க இருக்கா? நான் வந்து பார்க்கணும்."

அவள் பதில் சொல்வதற்குள் டேப் டீச்சரின் மகள் கையை உயர்த்தினாள்.

"சொல்லாதீங்க" என்றாள், தணிந்த குரலில். "எங்கம்மாவக் கேக்காமலேயே அவங்களப் பத்தி எழுதினீங்க, எழுதாமலும் விட்டீங்க. அவங்களக் கேக்காம யாரும் வரவும் வேணாம். வரலாமான்னு நான் கேட்டுட்டுச் சொல்றேன். வேணாம்னு அவங்க சொல்லிட்டா, வேணாம்தான்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பதினாறு படியும் ஏறும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"யாரு பக்கத்துல? என்ன சொன்னாங்க?" என்றார் அப்பா. "எனக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."

சின்னவள் கைப்பேசியைக் காதருகே கொண்டுபோய் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அவர் காத்திருந்தார்.